நாற்பதைத் தாண்டாத வண்டி

ஓஸ்வால்ட் வேலைக்காக மஸ்கட்டுக்குப் புறப்பட்டது 2022 ஜூன் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை. வாடகைக் கார் பெங்களூர் மர்பி டவுன் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டது. அவனுடைய அண்ணன் லாயிட் ஒரு பெட்டியைத் தலையிலும் இன்னொன்றைத் தோளிலுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஓஸ்வால்ட் மட்டும் தன் பட்டறை வாசலைவிட்டு அசையவில்லை. தோழி சங்கமித்ராவின் பைக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கால் பிரேக்கைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய், ஃப்ளைட்டு உனக்காக நிக்காது,” என்றாள் சங்கமித்ரா.

“நிக்கட்டும். ஒரு தடவ முனை வரைக்கும் ஓட்டிக் காட்டு. பாத்துட்டுப் போறேன்.”

அவள் இடது கையை எடுத்துக் கழுத்தில் தொங்கும் பட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கையை அவள் அப்படித்தான் எடுத்து வைக்க வேண்டும், ஒரு பையை எடுத்து வைப்பதுபோல. வலது கையால் கிளட்சைப் பிடித்து, கியர் போட்டு, சந்து முனை வரை போய்த் திரும்பி வந்தாள். தெருக்குழாயடியில் நின்றிருந்த பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

“ஏர்போர்ட் வரைக்கும் பின்னாடியே வரட்டா?”

“பேடா, வேணாம் தாயே. ஹெப்பாள் மேம்பாலத்துல காத்து தள்ளும். அல்சூர் ஏரி வரைக்கும் வா, போதும்.” எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். “ஞாபகம் வெச்சிக்க. ஆக்சிலேட்டரு பாதி திருப்பினாலே ஃபுல்லு. உன்னோட ஒரே கை ரெண்டு கை வேலை பாக்குதுல்ல? அதான் திருப்பற தூரத்தைக் குறைச்சிட்டேன்.”

இதையெல்லாம்கூட யோசித்திருக்கிறானே என்று அவளுக்குத் தோன்றியது. சங்கமித்ராவின் கணவன் தாஸ் முன்னால் வந்து, ஓஸ்வால்டின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டு, “மச்சான், இந்த உதவிய மறக்கவே மாட்டேன்,” என்றான். அல்சூர் ஏரிக்கரையில் கார் அவளைத் தாண்டிப் போனபோது ஓஸ்வால்ட் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினான். கூடப்பிறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான் என்று நினைத்து அவள் ஏரிக்கரையிலேயே வண்டியை நிறுத்தி அழுதாள். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தாள்.

சங்கமித்ராவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் தொழிலாளர் லைனில், எதிரெதிர் வீடுகளில் பிறந்தவர்கள் அவளும் ஓஸ்வால்டும். அவள் வீட்டுச் சுவரில் புத்தர், அவன் வீட்டுச் சுவரில் மாதா. அவள் அப்பா சுரங்கத்துக்குள் இறங்குகிறவர். அவன் அப்பா மேலே இருந்து அந்த இறக்குக்கூண்டை இயக்குகிறவர். சுரங்கத்தை மூடியதும் லைனில் பாதிப்பேர் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். ஓஸ்வால்ட் மர்பி டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் சேர்ந்து, பிறகு தனியாகப் பட்டறை போட்டான். சங்கமித்ரா சந்தாபுராவில் பல் கேப் செய்கிற லேப் ஒன்றில் சேர்ந்தாள். பொம்மசந்திராவில் கம்பெனி வேலையில் இருந்த தாஸைக் கட்டிக்கொண்டு சந்தாபுராவிலேயே குடியிருந்தாள். தாரணி என்று ஒரு மகள்.

லேப் கோமளம் மேடத்துடையது. அதில் சங்கமித்ரா பார்த்த வேலையை வெளியில் சொன்னால் பலருக்குப் புரியாது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் ரோஸ் நிறப் பசையை வைத்து அச்சு எடுப்பார்கள். அந்த அச்சை ஈரப் பஞ்சில் சுற்றி, கவரில் போட்டு, லேப்புக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிப் பல்லின் வடிவம் எடுப்பார்கள். அச்சு எடுத்த முக்கால் மணி நேரத்துக்குள் ஊற்றியாக வேண்டும். தாமதமானால் பசை காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாததுதான்; ஆனால் வாய்க்குத் தெரிந்துவிடும். கேப் உட்காராது.

ஆனேக்கல், அத்திபெலே, அங்கிருந்து ஓசூர் ரோட்டில் திரும்பவும் சந்தாபுரா. இந்த முக்கோணம் பதினோரு வருடம் அவளுடையது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பைக்கில் போகும் அவளைப் பார்த்தாலே கிளினிக் வாசலில் இருக்கும் பெண் அச்சை எடுத்துக்கொண்டு எதிரே வந்துவிடுவாள். “பல்லக்கா” என்று பெயர். ஒருமுறைகூட அச்சு காய்ந்து போனதில்லை.

2021 செப்டம்பரில், ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டு நெரிசலில், முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த டெம்போ சட்டென்று நின்றது. அவளும் ஊர்ந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் விழுந்த விதம் சரியில்லை. தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் வேரோடு பிடுங்கிக்கொண்டன. ஆபரேஷன் செய்தும் இடது கை திரும்பவில்லை. கை இருந்தது, அவள் போகும் இடமெல்லாம் கூடவே வந்தது. வேலைக்கு மட்டும் வரவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கோமளம் மேடம் வீட்டுக்கு வந்து பார்த்தார். கொள்ளுத்தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த குடும்பம். மேடத்துக்குத் தமிழ் வீட்டில், கன்னடம் வெளியில், கறார் இரண்டிலும்.

“உன் ரூட்டை நான் யாருக்கும் நிரந்தரமாக் குடுக்கலை. வண்டி ஓட்ட முடியும்னா வா. மூணு மாசம் பார்ப்போம். எனக்கு உன் கை வேண்டாம்மா, அச்சு நேரத்துக்கு வந்தாப் போறும்.”

பரிதாபம் பேசாத அந்தப் பேச்சு சங்கமித்ராவுக்கு மருந்துபோல இருந்தது. மறுநாளே மர்பி டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளேன் என்று தாஸ் சொன்னான். ஓஸ்வால்டின் பட்டறையில் நின்ற ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். சின்னச் சக்கரம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஹேண்டில் ஒற்றைக் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. பைக் அப்படியில்லை, முழங்கால் இரண்டாலும் டேங்கைக் கவ்விப் பிடித்துக்கொண்டால், வண்டியின் பாதி பாரம் கைக்கு வராது. “என் பைக்கையே மாத்திக் குடு,” என்றாள்.

மூன்று மாதம், ஞாயிறு தவறாமல் போனாள். முதலில் வலது பக்கமே இரண்டு லிவர், மேலே பிரேக், கீழே கிளட்ச் என்று போட்டுப் பார்த்தான். அவள் விரல் எட்டவில்லை.

“உங்க அம்மா உனக்கு விரலு செய்யறப்ப மாவு தீந்துபோச்சா?” என்றான்.

“உனக்கு மூளை செய்யறப்ப தீந்துபோன அதே மாவுதான்டா.”

பிறகு வேறு வழி பிடித்தான். வலது லிவரைக் கிளட்சுக்கு விட்டுவிட்டு, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் ஒரே கால் மிதியில் சேர்த்தான். மிதித்தால் இரண்டுக்கும் சமமாக இழுவை போகும்படி நடுவில் தராசுபோல ஒரு கட்டை வைத்தான். ஒற்றைக் கையால் பிடிக்கும்போது ஹேண்டில் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. அதற்குப் பழைய வண்டி ஒன்றிலிருந்து, ஹேண்டில் சட்டென்று சாயாமல் தாங்கிப் பிடிக்கும் தண்டு ஒன்றைக் கழற்றிப் பூட்டினான். ஹார்னையும் விளக்கையும் வலது கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தான். எந்தத் துண்டை வெட்டினாலும் ஓரத்தை அரத்தால் ராவி, நாக்கில் வைத்தாலும் கீறாத அளவுக்கு வழவழப்பாக்கித்தான் பூட்டுவான். அது அவன் பழக்கம்.

ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, மாற்றத்தை ஆர்.சி.யில் எழுதி வாங்கினார்கள். மைதானத்தில் அவள் எட்டு போட்டுக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சூப்பர் கணம்மா,” என்றார். அந்த மைதானத்தில் யாரும் இருபதுக்கு மேல் போவதில்லை.

ஓஸ்வால்ட் போன திங்கட்கிழமை, மூன்று மாதக் கணக்கு தொடங்கியது.

முதல் வாரம் எல்லாரும் மன்னித்தார்கள். ஆனேக்கல் கிளினிக்கில் எழுந்து நின்று வரவேற்றார்கள். ஆனால் லேப்புக்கு வந்து சேரும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டாம் வாரமும் ஒரு மணி நேரம். அத்திபெலே தாண்டி ஓசூர் ரோட்டில் ஏறியதும் வண்டி முனகும். முள் நாற்பதுக்கு வரும், அங்கேயே நிற்கும். பின்னால் வரும் லாரிக்காரன் விளக்கைப் போட்டு, ஹார்ன் அடித்து, கடைசியில் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு உரசிப் போவான். அவள் ரோட்டின் ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து மண்ணுக்கு இறங்குவாள்.

ஆக்சிலேட்டர் பாதியில் நின்றுவிடும். பாதிதான் முழுசு என்று ஓஸ்வால்ட் சொல்லியிருக்கிறானே. அப்படியானால் கோளாறு எங்கே? தன்னிடம்தான் என்று அவள் முடிவுகட்டினாள். கிளட்சை விடுவதும் ஆக்சிலேட்டரைத் திருப்புவதும் ஒரே கை. விரல் ஒன்று செய்யும்போது மணிக்கட்டு வேறொன்று செய்ய வேண்டும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் எங்கேயோ அரை நொடி தவற விடுகிறோம், அதனால்தான் வண்டி வேகம் பிடிக்க மறுக்கிறது என்று நினைத்தாள். மஸ்கட்டுக்குப் போன் செய்து கேட்டாள்.

“வண்டி இழுக்கவே மாட்டேங்குதுடா.”

“பழகும் மித்ரா. கை பழகணும்ல,” என்றான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

கையைப் பழக்கினாள். விடிந்ததும் ஈரத் துண்டை ஒற்றைக் கையால் முறுக்கிப் பிழிவாள். ஐம்பது தடவை, அப்புறம் நூறு. சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே விரலால் ஒன்றும் மணிக்கட்டால் ஒன்றுமாகப் பழகுவாள். தாரணி எதிரே உட்கார்ந்து, “கிளட்சு! ஆக்சிலேட்டரு! கிளட்சு!” என்று கத்துவாள். சாயங்காலம் தாஸ் வேலையிலிருந்து வந்ததும் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி அவளுடைய வலது மணிக்கட்டில் தேய்த்துவிடுவான்.

“வலிக்குதா?”

“வலி பரவால்லைங்க. நான் என்ன தப்பு பண்றேன்னே தெரியலை. முன்னாடி இதே வண்டி பறக்கும்.”

“முன்னாடி ரெண்டு கை இருந்துச்சி. ஸ்வல்ப ஸ்வல்பமாத்தான் வரும். அவசரப்படாத,” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொள்வான்.

ஆகஸ்டில் ஒரு கேப் உட்காரவில்லை என்று திரும்பி வந்தது. அடுத்த வாரம் இரண்டு. ஆனேக்கல் டாக்டர் ஒருவர் மேடத்துக்கே போன் செய்து, நோயாளியை மூன்று தடவை வாயைத் திறக்கச் சொன்னால் நான்காவது தடவை அவர் என்னைத்தான் கடிப்பார் என்று சொல்லிவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. செப்டம்பர் பன்னிரண்டு வரை பொறுத்தார். அன்றைக்குச் சங்கமித்ராவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“நீ பாடுபடறது எனக்குத் தெரியறது. ஆனா அச்சுக்கு அது தெரியாதேம்மா. அந்த ரூட்டை ஷ்ரேயாஸுக்குக் குடுத்துடறேன். இங்க சந்தாபுராக்குள்ள ரெண்டு கிளினிக் இருக்கு, அதை நீ பாத்துக்கோ. நடந்தே போயிடலாம்.”

நடந்தே போய்விடலாம் என்றது அவள் காதில் வெகுநாள் இருந்தது. லேப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஷ்ரேயாஸிடம் ரூட்டை அவளே சொல்லிக் கொடுத்தாள். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எந்த கிளினிக்கில் அச்சை எடுத்துவிட்டு மறந்துபோவார்கள், எங்கே வாசலிலேயே ஹார்ன் அடித்தால் போதும். எல்லாம். வீட்டுக்கு வந்து தாஸிடம், “எனக்கு ஆவலைங்க. என்னால முடியலை,” என்றாள். அவன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, “வுடு. உசுரோட கீறியே, அது போதும்,” என்றான். அந்தத் தோளில் அவள் சத்தம் போட்டு அழுதாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்திபெலேயில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது வண்டி அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் விஜய்குமார் என்பவரின் கடை. கார்புரேட்டரில் குப்பை இருக்கும் என்று கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டு நாக்கால் ‘ட்ச்’ என்று சத்தம் போட்டார்.

“இது உங்க பையன் ஓட்டற வண்டியாக்கா?”

“இல்ல, என்னுது. ஏன்?”

“இல்ல, காலேஜ் பசங்க வண்டிலதான் அப்பாமாருங்க இதைப் போடச் சொல்வாங்க. பையனுக்குத் தெரியாம.” இடுக்கியால் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நுனி அளவு. “இது உள்ள இருந்தா ஆக்சிலேட்டரு பாதிக்கு மேல திரும்பாது. நாப்பது, மிஞ்சிப்போனா நாப்பத்திரெண்டு. அவ்ளோதான்.”

அவள் கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ராவிய ஓரம்.

விஜய்குமார் வண்டியைப் பூட்டிக் கொடுத்தார். ஓசூர் ரோட்டில் ஏறி மணிக்கட்டைத் திருப்பினாள். பாதியில் நிற்கும் என்று பழகிப்போன கை, பாதியிலேயே தானாக நின்றது. இன்னும் திருப்பினாள். திரும்பியது. முள் நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி, அறுபதில் நின்றபோது வண்டியில் ஒரு நடுக்கமும் இல்லை. கியர் மாற்றினாள். ஒரு தவறும் இல்லை. இந்த மூன்று மாதமும் அவள் கையில் ஒரு தவறும் இருந்திருக்கவில்லை.

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை; அதே வேகத்தில் வீட்டுக்கு விட்டாள்.

தாஸ் வாசலில் தாரணியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். தாரணியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, குழாய்த் துண்டை அவன் முன்னால் நீட்டினாள். இது என்ன என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“உள்ள வா மித்ரா. உக்காந்து பேசலாம்.”

“உக்காந்து உக்காந்துதான் ஒரு வருஷம் போச்சி. யாரு போடச் சொன்னது?”

“நான்தான்.” காற்றடிக்கும் பம்பை இன்னும் கையில் பிடித்திருந்தான். “ஓஸ்வால்ட் மாட்டேன்னுதான் சொன்னான். நான் அவன் கால்ல விழாத குறை. ஆஸ்பத்திரில உன்னைப் பாத்தவன் நானு. தாரணிக்கு என்ன பதில் சொல்றதுனு நின்னவன் நானு. நாப்பதுல போனா வுழுந்தாலும் உசுரு நிக்கும்னு நெனச்சேன்.”

“யோவ், நான் வுழுந்ததே பத்துலயா!”

அவனை அவள் யோவ் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“பின்னால லாரிக்காரன் ஒரசினு போறப்போ, முறுக்க முறுக்கப் போவாத வண்டில நான் செத்திருப்பேன். அது உனக்குத் தெரியுமா? மாசக்கணக்கா துண்டு பிழிஞ்சேனே, பாத்துனுதானே இருந்த? எண்ணெய் தேச்சி வுட்டியே! என்ன தப்பு பண்றேன்னு கேட்டேனே, அப்பக்கூடச் சொல்லலியே!”

“சொல்லத்தான் இருந்தேன். ரூட்டு போனதும் சொல்லலாம்னு…”

“ரூட்டு போனதும் உனக்கு நிம்மதி. அதனால சொல்லலை.”

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஏமாற்றியவன் வெளியாள் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்திய கதவுக்கு உள்ளேயே ஒருவன் நின்று, சுடச்சுட எண்ணெய் வைத்துக்கொண்டு, வலிக்கிறதா என்று கேட்டால் எங்கே போவது?

அன்று சாயங்காலமே மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். ஓஸ்வால்ட் எடுத்ததும், “கண்டுபிடிச்சிட்டியா?” என்றான். குரலில் ஒரு பாரம் இறங்கியது அவளுக்குக் கேட்டது. அதுவே இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“பாதி திருப்பினா ஃபுல்லுனு சொன்னல்ல? என் மூஞ்சப் பாத்து சொன்ன.”

“மாமா அழுதாரு மித்ரா. ஆம்பள, என் பட்டறைல உக்காந்து அழுதாரு. நான் இன்னா பண்ணட்டும்? மூணு மாசம் இருக்கட்டும், கை நெலைப்பட்டதும் எடுத்துடலாம்னு சொன்னேன்…”

“யாரு கிட்ட சொன்ன?”

“மாமா கிட்ட.”

“வண்டி யாருது?”

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

“எங்க அப்பா கீழ இருந்து மணி அடிப்பாரு, உங்க அப்பா மேல இருந்து இறக்குவாரு. ஒரு தடவ அடிச்சா ஏத்தணும், ரெண்டு தடவ அடிச்சா இறக்கணும். லைன்ல பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும். கீழ இருக்கறவன் மணி அடிக்காம மேல இருக்கறவன் கம்பியத் தொட மாட்டான். உங்க அப்பா என்னைக்காவது நடுவுல நிறுத்தி, இவனுக்கு இவ்ளோ ஆழம் போதும்னு அவரா முடிவு பண்ணாரா? எங்க அம்மா போய் அழுதிருந்தா பண்ணியிருப்பாரா?”

“அது வேற மித்ரா. அது சுரங்கம்.”

“நீ மெக்கானிக்கே இல்லடா,” என்று சொல்லி வைத்துவிட்டாள். அதைவிடக் கேவலமாக அவனை யாரும் திட்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

மறுநாள் காலை குழாய்த் துண்டைக் கோமளம் மேடத்தின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். மேடம் அதைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்தனூண்டா?”

“ஆமாம் மேடம். வண்டி இப்ப நல்லா போவுது. முப்பத்தஞ்சு நிமிஷத்துல கொண்டாறேன். ஒரு வாரம் பாருங்க.”

மேடம் குழாய்த் துண்டை அவள் பக்கம் தள்ளி வைத்தார். “நான் உன்னை நம்பறேன். உன் மேல தப்பே இல்லை. ஆனா ஷ்ரேயாஸ் ஒரு நாளும் லேட் பண்ணலையே. அவனை எடுக்க நான் என்ன காரணம் சொல்லுவேன்? உன் ஆத்துக்காரர் பண்ணின காரியத்துக்கு அவனுக்கு தண்டனையா?”

நியாயம்தான். நியாயமாக இருந்ததால் அதற்கும் அவளால் சண்டை போட முடியவில்லை. மாதக் கடைசியில் அவள் லேப்பை விட்டாள். அத்திபெலேயில் புதிதாகத் திறந்திருந்த சின்ன லேப் ஒன்றில், யாரும் எடுக்காத சர்ஜாபுரா பக்கத்துக் கிளினிக்குகளை வாங்கிக்கொண்டாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. ஒற்றைக் கையைப் பார்த்ததும், அச்சை அவளிடம் கொடுக்கலாமா என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். பதினோரு வருடத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

தாஸை விட்டுப் போகவில்லை. சமையல் நடந்தது, தாரணி பள்ளிக்கூடம் போனாள், பொங்கலுக்குக் கோலார் போய் வந்தார்கள். ஆனால் அவன் எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்தால், “வெச்சிட்டுப் போங்க, நானே பாத்துக்கறேன்,” என்பாள். ஒற்றைக் கைக்கு எண்ணெய் தேய்க்க அந்த ஒற்றைக் கையால் முடியாது. மணிக்கட்டைக் கதவு நிலையில் வைத்து உருட்டிக்கொள்வாள். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் என்று அவன் வந்து சொன்னால், சீட்டைக் காட்டச் சொல்லி அவளே படிப்பாள். தாரணியின் மார்க் எவ்வளவு, கேஸ் எப்போது வரும், மழை வருமா? அவன் சொன்னது எதையும் இன்னொரு இடத்தில் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை. தாஸுக்கு அது தெரிந்தது. அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டானா, நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லும் பதிலையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

கார்புரேட்டரைக் கழற்ற விஜய்குமாரிடம் கற்றுக்கொண்டாள். ஞாயிறு காலை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் மூடியைத் திருகி உள்ளே பார்ப்பாள். யாரும் எதையும் வைத்திருக்க மாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் பார்ப்பாள். எதிர்வீட்டுக்காரர், “என்னம்மா, வாரா வாரம் சர்வீஸா?” என்று கேட்பார். “ஆமாம் சார், பழைய வண்டி,” என்பாள்.

ஓஸ்வால்டிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரவில்லை. புத்த பூர்ணிமாவுக்கு அவன் எப்போதும் அனுப்பும் வாழ்த்தும் வரவில்லை. அவளும் அனுப்பவில்லை. மர்பி டவுன் பக்கம் போக வேண்டிய வேலை வந்தால் அல்சூர் வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு போனாள்.

அப்படியே பதினான்கு மாதம் போனது. 2023 டிசம்பரில் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். சர்ஜாபுராவில் ஒரு கிளினிக் வாசலில், உள்ளே அச்சு இறுகுவதற்காகக் காத்துக்கொண்டு வண்டிமேல் உட்கார்ந்திருந்தாள். போன் ஒலித்தது. ஓஸ்வால்ட் எழுதியிருந்தான். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா என்றுதான் அவள் கண் முதலில் தேடியது. இல்லை.

“மித்ரா. இங்க கம்பெனி எனக்கு ஒரு பிக்கப் வண்டி குடுத்திருக்குது. எண்பதுக்கு மேல போகாத மாதிரி பூட்டி வெச்சிருக்காங்க. நானா மிதிச்சிப் பாத்துக் கண்டுபிடிக்கட்டும்னு விடலை. வண்டியக் குடுக்கறதுக்கு முன்னாடியே சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சி, இப்படி இப்படிப் பூட்டியிருக்குது, இன்ன காரணம்னு சொல்லி, எழுதின பேப்பரைக் காட்டி, உனக்குச் சம்மதமானு கேட்டான். நான் வெறும் டிரைவர்தான். என்னைக் கேட்டாங்க மித்ரா.”